கரைவெட்டி ஏரியும் ஊராரும்

அரியலூர் மாவட்டத்திலே கரைவெட்டி என்றோர் ஏரி உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். மேட்டூர் அணையிலிருந்து வரும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே அதனை நிரப்பும். வடகிழக்குப் பருவமழையும் துணை செய்யும். நீர் பெருகியபின் வடதிசைப் பறவைகள் வந்திறங்கும். அவற்றுள் சிறப்புடையது வரித்தலை வாத்து. திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தில் இமயத்தைக் கடந்து தெற்கே வருவது அது. அப்பறவை 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பதை ஆராய்ச்சியாளர் கருவி கொண்டு அளந்துள்ளனர். அத்துணை உயரம் ஏறி வந்த பறவை, இறுதியில் உழவன் தேக்கிய நீரிலேதான் இறங்குகிறது!

இப்பகுதி பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த 1999-ஆம் ஆண்டில் இவ்வேரி பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இவை பெருமைக்குரியனவே. ஆயினும் ஏரிக்குக் கரை எடுத்த முன்னோர் பறவையை எண்ணி எடுத்தாரல்லர்; நெற்பயிரை எண்ணியே எடுத்தனர். இன்றும் அந்நீரை நம்பியே சுற்றுப்புற வயல்கள் விளைகின்றன.

காட்டுயிர் வாழும் இடத்தில் மனிதனுக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளர். அவர்கள் வடதுருவக் கடற்கரையைச் சற்றே நோக்குதல் வேண்டும். அலாஸ்காவில் வாழும் இனூபியாக் மக்கள், ஆண்டுதோறும் பனிக்கடல் ஓரமாக வலசை செல்லும் வில்தலைத் திமிங்கிலத்தை உணவுக்காக வேட்டையாடுபவர். ஊரெல்லாம் பகிர்ந்து உண்பது அவர்தம் வழக்கம். 1977-இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் அவ்வேட்டையைத் தடுத்தது. எஞ்சியவை மிகச் சிலவே என்பது அறிஞர் கணக்கு. வேடர்களோ, “அவை பனிக்கட்டியின் அடியிலும் நீந்திச் செல்கின்றன, கண்ணால் எண்ணினால் கணக்குத் தவறும்” என்று வாதிட்டனர். பின்னர் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது, வேடர் சொல்லே மெய்யாயிற்று. 1978 முதல் அவர்களுக்கு அளவிட்ட வேட்டையுரிமை வழங்கப்பட்டது. திமிங்கிலங்கள் அழிந்தனவா? இல்லை, 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் அவை 16,000-க்கு மேற்பட்டிருந்தன.

அவ்வளவு தொலைவு போவானேன்? 1798-இல் வேடந்தாங்கல் ஊரார், பறவைகளைச் சுடலாகாது என்று ஆட்சியரிடம் ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பறவையைக் காக்க முந்தியவர் உழவரேயன்றோ?

சரணாலயத்துள் அடங்கும் நிலத்தில் மக்களுக்குள்ள உரிமைகளை ஆட்சியர் விசாரிக்க வேண்டும் என 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே கூறுகிறது. ஒருமுறை விசாரித்து ஏட்டில் எழுதி வைத்தால் போதாது. மதகை எப்பொழுது திறப்பது, பயிருக்கு எவ்வளவு விடுவது, பறவைக்கு எவ்வளவு நிறுத்துவது என்பன ஆண்டுதோறும் எழும் கேள்விகள். வாய்க்காலில் நீர் குறைந்த ஆண்டில் அவை மிகக் கடுமையாகும். வாடும் பயிரைக் கண்டு நிற்பவனிடம் வாத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை. முடிவு செய்வோர் கூடும் அவையில், மதகின் ஏற்ற இறக்கம் அறிந்த ஆயக்கட்டு உழவருக்கும் ஓர் இருக்கை வேண்டும். அதுவும் நீர் வற்றிய பின்னரன்று, வாய்க்காலில் நீர் வருமுன்பே.