அம்மாவிடம் இருந்தது பழைய பதிப்பு

போன மாதம் அம்மாவுக்கு ஓர் அலுவலகக் கடிதம் வந்தது. பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். "இதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு நீதானே சொன்னனீ" என்றார். சொன்னது உண்மைதான், இரண்டு வருடங்களுக்கு முன். இடையில் விதி மாறிவிட்டது. இப்போது பதில் அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தை டெனிஷில் வாசித்த நான், அம்மாவுக்குத் தமிழில் சொல்ல மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தே வளர்ந்த உங்களுக்கும் இது நடந்திருக்கும். பெரிய நிறுவனங்கள் பாவிக்கும் மென்பொருளிலும் இதே சிக்கல்தான். அதற்கு நல்ல உதாரணம் டென்மார்க்கிலேயே பிறந்தது.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நண்பர்கள் மூவர் 1984இல் தொடங்கிய நிறுவனம், பிறகு நவிஷன் என்ற கணக்கு மென்பொருளை உருவாக்கியது. 2002இல் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. அந்த மென்பொருளின் இன்றைய பெயர் பிசினஸ் சென்ட்ரல். டெனிஷ், ஜெர்மன், பிரெஞ்சு என்று பல மொழிகளில் அது இயங்குகிறது.

திரையில் தெரியும் சொற்களை அதன் நிரலில் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. மற்ற மொழிகள் தனித்தனிக் கோப்புகளில், அந்த அடையாளத்தோடு கோக்கப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பே இல்லாவிட்டால் ஆங்கிலம் தெரியும். குறை உடனே கண்ணில் படும். ஆனால் ஆங்கிலச் சொல்லை மாற்றி, அடையாளத்தை அப்படியே விட்டால், பழைய மொழிபெயர்ப்பு சத்தமில்லாமல் தொடரும்.

இப்படி நினைத்துப் பாருங்கள். "விலை" என்றிருந்த கட்டத்தை ஆங்கிலத்தில் "வரி சேர்க்காத விலை" என்று திருத்துகிறார்கள். டெனிஷ் கோப்பை யாரும் தொடவில்லை. லண்டன் கிளையில் வரி இல்லாமல் பதிவார்கள். ஹெர்னிங் கிளையில் வரியோடு பதிவார்கள். டென்மார்க்கில் அந்த வரி 25 சதவீதம். எந்தத் திரையிலும் பிழைச் செய்தி வராது.

அதனால்தான் சொல்கிறேன்: மொழிபெயர்ப்பு இல்லாததைவிட, பழசாகிப்போன மொழிபெயர்ப்பு ஆபத்தானது. மூலம் மாறிய அன்றே, மற்ற மொழிக் கோப்புகளில் அந்த வரிக்கு "மறுபடி பார்க்கவும்" என்ற குறி விழ வேண்டும். எக்ஸ்லிஃப் எனப்படும் அந்தக் கோப்பு வடிவத்தில் இதற்கு இடமும் இருக்கிறது. குறிகள் தீரும்வரை புதிய பதிப்பு வெளிவரக் கூடாது. செலவு கூடும், தாமதமாகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நிறுவனம் மிச்சம் பிடிக்கும் அந்தச் செலவைச் சின்ன மொழியில் வாசிக்கிறவர்தான் பிறகு கட்டுகிறார்.

எங்கள் பெற்றோருக்கு இது புதிதல்ல. இலங்கைச் சட்டங்கள் பலவற்றின் கடைசிப் பிரிவு, சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்கிறது. மென்பொருளில் யாரும் அப்படி எழுதி வைப்பதில்லை. ஆனாலும் கோப்பைக் கவனிக்காமல் விட்டால் அதே நிலைமைதான்.

இரண்டு மூன்று மொழி தெரிந்த நீங்கள் நாளை இப்படியொரு வேலைக்குப் போகலாம். "மொழிபெயர்த்தாச்சு" என்று யாராவது சொன்னால், எந்தத் திகதி மூலத்திலிருந்து என்று கேளுங்கள்.

அம்மாவின் பதிலை அனுப்பிவிட்டோம், இரண்டு நாள் பிந்தி. இப்போது அவருடைய கடிதங்களில் நான் தமிழில் குறிப்பு எழுதும்போது, பக்கத்தில் திகதியும் போடுகிறேன்.