கைக்கு அடக்கமாய் ஒரு சுத்தியல்

சுவரில் காலண்டர் மாட்ட வேண்டும், ஆட்டம் கண்ட முக்காலிக்கு ஓர் ஆணி அடிக்க வேண்டும் என்றால் நம்மில் பல பேர் தேடுவது இஞ்சி தட்டுகிற குழவியைத்தான்! "ஏன், வீட்டிலே சுத்தியல் இருக்கே?" என்பீர்கள். இருக்கும், பரண் மேல். அரைக் கிலோ கனத்தில், ஆண்பிள்ளை கைக்கென்று வாங்கியது. நாலு அடி அடிப்பதற்குள் நமக்கு மணிக்கட்டு விட்டுப் போகும். சகோதரிகளே, நமக்கென்று லேசாக ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன?

கடையில் சுத்தியலின் எடை என்று சொல்வது தலைப்பகுதியின் எடையை மட்டும்தான். கைப்பிடி அதில் சேராது. ஆணி பிடுங்கும் கொம்புள்ள வழக்கமான தச்சுச் சுத்தியலின் தலை 450 கிராம் வரை இருக்கும். நிலைக்கதவு பூட்டுகிற ஆசாரிக்கு அது சரி. படம் மாட்டவும், அலமாரியின் பின்பலகையைப் பொருத்தவும் நமக்கு 200 முதல் 300 கிராம் தாராளம். நான் வைத்திருப்பது 250 கிராம்.

"லேசா இருந்தா ஆணி இறங்குமா?" என்று கேட்கிறீர்களா? அடியின் பலம் எடையில் மட்டுமா இருக்கிறது? வேகத்திலும் இருக்கிறது. எடை இரண்டு மடங்கானால் சக்தி இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு! லேசான சுத்தியலைக் குறி தப்பாமல், வேகமாக வீசலாம். ஒரு அங்குல, ஒன்றரை அங்குல ஆணிக்கு இது போதும். மூன்று அங்குல ஆணிக்கு ஆகாது. அதை ஆசாரியிடமே விட்டுவிடுங்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைத் தூக்கித் தூக்கியே கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி வருவதுண்டு. விரலை அசைக்கும் தசைநாணைச் சுற்றியுள்ள உறை தடித்துப் போவதால் வருவது இது. டாக்டர்கள் இதை 'டி கெர்வெய்ன்' என்பார்கள். சுத்தியல் வீசும்போதும் அதே இடத்துக்குத்தான் வேலை. வலி இருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி, கடையில் பார்க்க வேண்டியவை:

* கைப்பிடியின் நுனியைப் பிடித்துக் கையை நேரே நீட்டுங்கள். பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கினால், இன்னும் லேசானதாகக் கேளுங்கள்.

* பிடியைச் சுற்றி விரல்களை மடக்கினால் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட வேண்டும். ரொம்பத் தடிமனாக இருந்தால் இறுக்கிப் பிடித்தே கை வலிக்கும்.

* மரப்பிடி அடியின் அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் உடையும். முழுக்க இரும்பு என்றால் பிடியில் ரப்பர் உறை இருக்கட்டும்.

* தலையை ஆட்டிப் பாருங்கள். துளியும் ஆடக் கூடாது. வெயில் காலத்தில் மரம் சுருங்கித் தலை தளரும். ஆப்பு அடித்து இறுக்காமல் உபயோகித்தால் தலை கழன்று பறக்கும், ஜாக்கிரதை!

அடிக்கிறபோது பிடியின் நுனிப் பக்கமாகப் பிடியுங்கள். குட்டி ஆணியைச் சீப்பின் பற்களுக்கிடையே செருகிக்கொண்டால் விரல் தப்பிக்கும். பலகை பிளக்குமோ என்று பயமாக இருந்தால், ஆணியின் கூர்முனையை லேசாகத் தட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவரில் ஆணி அடிக்கவே அடிக்காதீர்கள். உள்ளே மின்கம்பி ஓடும். கான்க்ரீட் சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதற்குத் துளை போடும் மிஷின் வேண்டும்.

வேலை முடிந்ததும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆனால் பரண் மேல் மட்டும் வேண்டாம். நமக்கு எட்ட வேண்டாமா?