ஏ பிளஸ்ஸுக்கு மட்டும்தானா பரிசு?



சென்ற ஆண்டு விழாவில் நம் சங்கம் வழக்கம்போல், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்ற பிள்ளைகளுக்குப் பரிசும் பொன்னாடையும் வழங்கிச் சிறப்பித்தது. மிகவும் மகிழ்ச்சி. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் படிப்பு ஒன்றுதான் ஏணி என்பது நமக்கெல்லாம் தெரியும். நானும் அந்த ஏணியில் ஏறியவன்தான். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளத்தோடு நடந்தே முப்பத்தேழு வருடங்களைக் கழித்து ஓய்வு பெற்றவன்.

விழா முடிந்து வீடு திரும்பும்போது, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்.

"தாத்தா, உபஜில்லா ஷட்டில் போட்டியில நான் ரெண்டாவதா வந்தேனே, அதுக்கு சங்கத்துல பரிசு கிடையாதா?"

"அது படிப்புக்குக் கொடுக்கிற பரிசு, மக்களே" என்றேன்.

"அப்போ விளையாட்டுக்கு எப்போ கொடுப்பாங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை ஆறு மாதமாக மனதில் வைத்திருந்து, இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

பாறசாலையிலிருந்து ரயிலில் ஏறினால் நாகர்கோவில் சுமார் 40 கிலோமீட்டர். அந்த நாகர்கோவிலில்தான் 1937-ஆம் வருடம் ஏப்ரல் 11-ஆம் தேதி ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தார். குடும்பம் தென்காசியைச் சேர்ந்தது. அன்றைக்கு நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது நாகர்கோவில் அந்தப் பக்கமும் நாம் இந்தப் பக்கமும் ஆனோம். எனவே கிருஷ்ணனை நம் பழைய ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கிரிக்கெட் வீரர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்லும் பிள்ளைகள், பக்கத்து ஊரில் பிறந்த இவரைக் கேள்விப்பட்டதே இல்லை.

1954-இல், தம் பதினேழாவது வயதில், இவர் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் இவரே. இறுதி ஆட்டத்தில் இவரிடம் தோற்ற ஆஸ்திரேலியரான ஆஷ்லி கூப்பர், 1958-இல் விம்பிள்டன் சாம்பியனே ஆனார். கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு வருடங்களிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதல் வருடம் நீல் ஃப்ரேசரிடமும், அடுத்த வருடம் ராட் லேவரிடமும் தோற்றார். அந்தந்த வருடம் கோப்பையை எடுத்தவர்கள் அவர்கள்தான்.

1966 டிசம்பரில் கல்கத்தாவில் பிரேசிலுக்கு எதிராக நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு ஆட்டம் என்று சமநிலையில் இருக்க, கடைசி ஆட்டத்தில் தோமஸ் காக் என்பவரிடம் கிருஷ்ணன் இரண்டு செட்டை இழந்திருந்தார். நான்காவது செட்டிலும் 2-5 என்று பின்தங்கியிருந்தார். அங்கிருந்து மீண்டு அந்த செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் எடுத்து, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டு சென்றார். என் தந்தையார் இதைச் சொல்லும்போதெல்லாம், ஏதோ தாமே பந்தை அடித்ததுபோல் கையை வீசிக் காட்டுவார்.

கிருஷ்ணன் சிறுவர் பட்டத்தை வென்ற அதே 1954-இல், அதே விம்பிள்டனில், ஆண்கள் பட்டத்தை வென்றவரின் கதையையும் சொல்ல வேண்டும். அவர் பெயர் யாரோஸ்லாவ் திராப்னி. செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் 1921-இல் பிறந்தவர். அவருடைய தந்தை அங்கே ஒரு டென்னிஸ் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். மகன் அங்கேயே பந்து பொறுக்கிப் போட்டு, பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். பனிக்கட்டியில் ஆடும் ஐஸ் ஹாக்கியிலும் தேர்ந்து, 1948 ஒலிம்பிக்கில் தம் நாட்டு அணியோடு வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1949-இல், கம்யூனிஸ்ட் ஆட்சியின் கெடுபிடி பொறுக்காமல், போட்டிக்காக சுவிட்சர்லாந்து சென்ற இடத்திலிருந்து நாடு திரும்பாமல் இருந்துவிட்டார். சொந்த நாடு கதவை அடைத்துக்கொண்டது. எகிப்து அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. 1949, 1952 ஆகிய இரண்டு வருடங்களிலும் இறுதி ஆட்டத்தில் தோற்ற அவர், 1954-இல் இளைஞரான கென் ரோஸ்வாலை வென்று விம்பிள்டன் கோப்பையைப் பெற்றபோது, எகிப்தியர் என்றுதான் பெயர்ப் பட்டியலில் இருந்தது. பிறகு பிரிட்டிஷ் குடிமகன் ஆனார். நாஜிகள் அவர் நாட்டைப் பிடித்து வேறு பெயர் வைத்த காலத்தையும் சேர்த்தால், விம்பிள்டனில் நான்கு நாட்டுப் பெயர்களில் ஆடியவர் அவர்.

ஒருவருக்கு ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைக்கோடு நகர்ந்தது. இன்னொருவர் தாமே எல்லையைக் கடந்து போனார். நம் சங்கத்திலும் இந்த இரண்டு வகையினரும் இருக்கிறோம். கோடு மாறியதால் இங்கே நின்றுபோனவர்கள் உண்டு. பிழைப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வந்து சேர்ந்தவர்களும் உண்டு. ஊரும் பாஷையும் அரசாங்கமும் மாறினாலும், சிறுவயதில் கையும் காலும் கற்றுக்கொண்டது கூடவே வருகிறது என்பதற்கு திராப்னியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இருவருக்கும் பொதுவாக இருந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். திராப்னிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மைதானம் இருந்தது. கிருஷ்ணனுக்குத் தந்தை டி.கே. ராமநாதன் இருந்தார். அவரே நல்ல ஆட்டக்காரர். மகனுக்குத் தாமே கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் பேரன் ரமேஷ் கிருஷ்ணனுக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். தந்தை வென்று சரியாக இருபத்தைந்து வருடங்கள் கழித்து, 1979-இல், ரமேஷும் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆக, ஒரு குழந்தைக்கு முதலில் வேண்டியவை இரண்டு. ஆட ஓர் இடம், அருகில் நின்று பார்க்க ஒரு பெரியவர். திறமையும் அதிர்ஷ்டமும் அதற்குப் பிறகு வரும் கணக்கு.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ரயில்வே காலனியில் குடியிருந்தபோது, குடியிருப்பிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் இன்ஸ்டிட்யூட்டின் ஷட்டில் மைதானம் இருந்தது. என் மகன் தினமும் மாலையில் அங்கே ஆடுவான். நன்றாகவே ஆடுவான். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. அன்று இரவே அவன் மட்டையை எடுத்து அலமாரியின் மேல் வைத்தேன். "பத்தாவது முடியட்டும், தருகிறேன்" என்றேன். பத்தாவது முடிந்ததும் பிளஸ் டூ வந்தது, அதன்பின் என்ட்ரன்ஸ் வந்தது. மட்டை கீழே இறங்கவே இல்லை. அவனும் கேட்கவில்லை. இன்று வளைகுடாவில் நல்ல வேலையில் இருக்கிறான். என்மீது அவனுக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஆனால் நாற்பது வயதுகூட ஆகாத நிலையில் அவனுக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை. சென்ற முறை ஊருக்கு வந்தபோது, மருமகளிடம் அவன், "எனக்கு விளையாடவே தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கினேன். தெரிந்திருந்ததை மறக்கச் செய்தவன் நான். மைதானமும் இருந்தது, தகப்பனும் இருந்தேன். இருந்தும் பயனில்லை.

"பந்து சோறு போடுமா அண்ணாச்சி?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் போடாது. கிருஷ்ணனுக்கே அது பெரும் செல்வத்தைக் குவித்துவிடவில்லை. அந்தக் காலத்தில் பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடமில்லை. 1968-இல்தான் விம்பிள்டன் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் மூன்று வருடங்களுக்கு ஒன்றரை லட்சம் டாலர் தருவதாக அழைத்தும் கிருஷ்ணன் போகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். போயிருந்தால் 1966-இல் நாட்டுக்காக ஆடியிருக்க முடியாது. ஆட்டம் ஓய்ந்தபின் சென்னையில் சமையல் எரிவாயு ஏஜென்ஸி நடத்தி வாழ்ந்தார். திராப்னியும் பிற்காலத்தில் லண்டனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். உலகப் புகழ் பெற்றவர்களும் நம்மைப்போல் ஒரு தொழில் செய்து கௌரவமாகப் பிழைத்தார்கள். விளையாட்டால் அவர்கள் கெட்டுப்போய்விடவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுக்கிறார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் பி.டி. உஷா தென்னக ரயில்வேயில் பணியாற்றியவர்தான். என் பகுதியிலேயே கபடியும் கைப்பந்தும் ஆடி வேலைக்கு வந்த இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். வேலையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். மழை வெள்ளத்தில் பாதை அரித்துப்போன இரவுகளில், தோல்வியைப் பார்த்துப் பழகியவர்கள் பதறாமல் நின்று வேலை செய்ததையும் கண்டிருக்கிறேன்.

திராப்னி பிறந்த செக் நாட்டின் ஜனத்தொகை இன்று ஒரு கோடிக்குச் சற்று மேல். நம் கேரளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கிருந்து 2023-இல் வொண்ட்ரூஷோவா, 2024-இல் கிரெய்ச்சிகோவா என அடுத்தடுத்து இருவர் விம்பிள்டன் பெண்கள் பட்டத்தை வென்றார்கள். கிரெய்ச்சிகோவா பதினெட்டு வயதில், இனி என்ன செய்வது என்று தெரியாமல், 1998-இல் விம்பிள்டனை வென்ற தம் ஊர்க்காரரான யானா நொவோட்னாவின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். நொவோட்னா அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கூடவே இருந்து கற்றுக்கொடுத்தார். 2017-இல் நொவோட்னா புற்றுநோயால் காலமானார். ஏழு வருடங்கள் கழித்து அந்த மாணவி அதே கோப்பையை எடுத்தபோது, வெற்றியாளர் பலகையில் தம் ஆசிரியையின் பெயரோடு தம் பெயரும் இருப்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். கதவைத் தட்ட ஒரு வீடு இருந்தது, திறக்க ஒருவர் இருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

நம் ஊரில் தட்டினால் திறக்கும் வீடு எது? பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். மாலையில் டியூஷன் வண்டி வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ட்ரன்ஸ் வகுப்பு. நாம் சிறுவயதில் பந்து எறிந்து விளையாடிய வயல்களில் பாதி இன்று மரவள்ளியும் வாழையும், மீதி வீட்டு மனைகள்.

எனவே நம் சங்கத்தின் செயற்குழுவுக்கு என் தாழ்மையான வேண்டுகோள் மூன்று.

ஒன்று, அடுத்த ஆண்டு விழாவிலிருந்து விளையாட்டில் தேர்ந்த பிள்ளைகளையும் அதே மேடையில் ஏற்றி, அதே பொன்னாடையைப் போர்த்த வேண்டும். முதல் பரிசு பெற்றவர்களோடு நிறுத்திவிடாமல், உபஜில்லா அளவில் ஆடிய எல்லாரையும் அழைக்க வேண்டும்.

இரண்டு, சங்கக் கட்டடத்தின் பின்புறம் சும்மா கிடக்கும் இடத்தில் ஒரு ஷட்டில் மைதானம் அமைக்க வேண்டும். டென்னிஸுக்குச் சுற்றுப்புறமும் சேர்த்துப் பதினாறு பதினேழு சென்ட் தேவைப்படும். அது நம்மால் ஆகாது. ஷட்டிலுக்குக் கோட்டுக்குள் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. ஓரத்தில் நிற்க இடம் விட்டாலும் நான்கு சென்ட் தாராளம். தரையைச் சமன் செய்து, தண்ணீர் வடிய இலேசாகச் சாய்வு கொடுத்து, இரண்டு கம்பமும் வலையும் போட்டால் போதும். அந்த மேற்பார்வையைக் கூலி வாங்காமல் நான் செய்து தருகிறேன். ஆயுள் முழுவதும் மட்டம் பார்த்தே பிழைத்தவன் நான்.

மூன்றாவது வேண்டுகோள் ஓய்வு பெற்ற என் நண்பர்களுக்கு. தினமும் மாலை ஐந்து முதல் ஆறு வரை ஒருவர் முறை வைத்து மைதானத்தில் நிற்க வேண்டும். ஆடத் தெரிய வேண்டும் என்பதில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "நல்லா ஆடினே மக்களே" என்று சொல்லத் தெரிந்தால் போதும். மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகளும் வரட்டும். எல்லையோரத்தில் வாழும் நமக்கு அதைவிட நல்ல உறவு வேறில்லை.

செயற்குழு கூடி முடிவெடுக்கும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை. சென்ற வாரம் அலமாரியின் மேலிருந்த மகனின் மட்டையை இறக்கினேன். நரம்பு நைந்து, பிடியில் சுற்றியிருந்த துணி கையோடு வந்துவிட்டது. நெய்யாற்றின்கரைக் கடையில் கொடுத்து நரம்பு கட்டி வாங்கி வந்திருக்கிறேன். தினமும் மாலையில் நானும் பேத்தியும் முற்றத்தில் ஆடுகிறோம். மூன்றாவது அடியிலேயே எனக்கு மூச்சு வாங்குகிறது. அவள் நின்று, "மெதுவா வாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள்.

மற்ற உறுப்பினர்களும் தங்கள் கருத்துகளை எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர் ஒருவர்,
பாறசாலை.