ஊசிக்கு முன் உறக்கத்தைக் கேளுங்கள்

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். வயது 43. தோல்பைப் பட்டறையில் நள்ளிரவு தாண்டியும் வேலை. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்தே ஆகவேண்டும். சென்ற மாதம் ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வட்டமிட்டிருந்தது. இரத்தம் எடுத்த நேரம் மாலை ஐந்து மணி. “ஊசி போட்டா பழைய தெம்பு வந்துரும்னு சொல்லுதாவ தம்பி” என்றார்.

எத்தனை மணிநேரம் உறங்குகிறீர்கள் என்று அவரை அங்கே யாரும் கேட்கவில்லை. குறட்டை உண்டா என்றும் கேட்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கேட்கப்படாத கேள்விகளைப் பற்றியது.

அண்ணாச்சியோடு முடியும் கதையன்று இது. மாட்டுங்காவில் வங்கி வேலை பார்ப்பவரின் கைப்பேசியிலும், செம்பூரில் அமெரிக்க நேரத்துக்கு விழித்திருக்கும் மென்பொருள் ஊழியரின் கைப்பேசியிலும் ஒரே விளம்பரம்தான் வருகிறது: களைப்பா, நாட்டமின்மையா, எரிச்சலா? உங்கள் ஆண்மை ஹார்மோனைச் சோதியுங்கள். இம்மூன்றும் உறக்கமின்மையின் அறிகுறிகளும் ஆகும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை.

டெஸ்டோஸ்டிரோன் பெருமளவில் உறக்கத்தின்போதே சுரக்கிறது. காலையில் உச்சத்தில் இருந்து, மாலைக்குள் இறங்குகிறது. அதனால்தான் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வெறும் வயிற்றில் காலை வேளையில், இருவேறு நாள்களில் அளந்து உறுதிசெய்த பின்னரே குறைபாடு என்று முடிவுகட்டச் சொல்கிறது. மாலை ஐந்து மணிக்கு ஒருமுறை எடுத்த அளவை வைத்து ஊசி எழுதுவதை என்னவென்று சொல்வது?

உறக்கம் குறைந்தால் ஹார்மோனும் குறையும் என்பதற்குச் சான்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமுள்ள இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணிநேரம் மட்டுமே உறங்கவிட்டனர். பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு வரை சரிந்தது. 2011இல் வெளியான இவ்வாய்வு சிறியதுதான். ஆயினும் ஒரே வாரத்தில் இளைஞருக்கு இந்நிலை என்றால், இருபது ஆண்டுகளாக அப்படி உறங்குபவரின் இரத்தத்தைப் படிக்கும்போது உறக்கத்தை மறப்பது எப்படி நியாயமாகும்?

இனி குறட்டைக்கு வருவோம். தாராவிக்கு அடுத்த மாகிமில் உள்ள இந்துஜா மருத்துவமனையில் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் அவர் குழுவினரும் 35 முதல் 65 வயது வரையுள்ள நகர்ப்புற ஆண்களை ஆராய்ந்தனர். உடல்நலப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அவர்கள், நோயாளிகள் அல்லர். 2004இல் வெளியான முடிவு: உறக்கத்தில் மூச்சுச் சீர்குலைவு 19.5 விழுக்காட்டினருக்கு, பகல் உறக்கமும் சேர்ந்த ஸ்லீப் ஆப்னியா நோய் 7.5 விழுக்காட்டினருக்கு. தொண்டை அடைத்து, மூச்சு நின்று, மூளை திடுக்கிட்டு விழித்து, மீண்டும் அடைக்கும் நோய் இது. இரவெல்லாம் படுத்திருந்தும் உறங்காதவர்கள் இவர்கள்.

இத்தகையவருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் என்ன ஆகும்? 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முதிய ஆண்களுக்கு மிகை அளவில் செலுத்தியபோது உறக்கம் சுமார் ஒரு மணிநேரம் குறைந்தது, மூச்சுத்தடை கூடியது. வழக்கமான அளவில் நிலைமை இவ்வளவு மோசமாவதில்லை என்றும், மூச்சுத்தடை முதல் சில வாரங்களில் கூடிப் பின்னர் தணியலாம் என்றும் பிற்காலச் சான்றுகள் உள்ளன. அதை மறைக்க மாட்டேன். எனினும், சிகிச்சை பெறாத கடும் ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு இச்சிகிச்சையைத் தொடங்கலாகாது என்று மேற்சொன்ன வழிகாட்டுதலே சொல்கிறது. குறட்டையைப் பற்றிக் கேட்காதவர் அதை எங்ஙனம் அறிவார்?

“எப்படியோ தெம்பு வருகிறதே” என்பார்கள். 65 வயதைக் கடந்த, உண்மையிலேயே அளவு குறைந்த 790 ஆண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2016இல் வந்தன. பாலியல் நாட்டம் ஓரளவு கூடியது. களைப்பு நீங்கிற்று என்று சொல்லத்தக்க பயன் கிட்டவில்லை. விளம்பரம் விற்பதோ களைப்பு நீக்கத்தை.

இளைஞர்களுக்கு இன்னொன்று. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விரைகளை இயக்கும் பிட்யூட்டரிச் சமிக்ஞைகள் அடங்கிவிடும். விந்தணு உற்பத்தி வீழும். உலகச் சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண் கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. ஆண்மையைக் கூட்ட என்று வாங்குபவருக்கு இதை யார் சொல்கிறார்கள்?

இச்சிகிச்சையையே நான் எதிர்க்கவில்லை. பிட்யூட்டரிக் கட்டி, விரைச் சேதம், கிளைன்ஃபெல்டர் நிலை ஆகியவற்றால் சுரப்பு நின்றவருக்கு அது மறுவாழ்வு. அவர்களுக்கு மறுப்பது கொடுமை. நான் எதிர்ப்பது, நகரம் பறித்த உறக்கத்தை ஆணின் உடற்குறையாகப் பெயர்மாற்றி விற்பதை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் முறைவைத்துப் படுப்பதும், கீழே எந்திரம் ஓட மேலே உறங்க முயல்வதும் சுரப்பியின் கோளாறுகள் அல்ல. அவை கூலியின், குடியிருப்பின், வேலைநேரத்தின் கோளாறுகள். அவற்றுக்கு ஊசி கிடையாது.

ஆகவே கோரிக்கை எளியது. எத்தனை மணிநேரம் உறங்குகிறார், குறட்டையும் மூச்சடைப்பும் உண்டா, குழந்தை வேண்டுமா: இம்மூன்றுக்கும் விடை எழுதாத எந்தச் சீட்டிலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சொல் இடம்பெறலாகாது. மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். உங்கள் குறட்டையை உங்களைவிட நன்கறிந்தவர் உங்கள் மனைவி. அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

அண்ணாச்சி இன்னும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. பொது மருத்துவமனையில் உறக்கப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அதற்காக ஓர் இரவு பட்டறைக்கு விடுப்பு கேட்க வேண்டும் என்பதுதான் இப்போது அவருடைய கவலை.