எத்தனை லிட்டர் சட்டி?



உட்புறம் வெண்மையும் வெளிப்புறம் செம்மையோ நீலமோ மின்னும் எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டிகள் இன்று நம் நகரத்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. 1925ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் தொடங்கப்பெற்ற லெ குரூசே நிறுவனம் இவற்றில் பெயர்பெற்றது. விலையோ சிறிதன்று. பேணினால் மகள் காலம் வரை உழைக்கக்கூடிய பொருள். ஆதலால், எந்த அளவு நமக்கு ஏற்றது என்பதை வாங்கும் முன்பே தெளிந்துகொள்ளல் வேண்டும்.

"வாங்குவதைப் பெரிதாகவே வாங்கிவிட்டால் விருந்தாளி வந்தாலும் போதுமே" என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். அலுமினியத் தேக்சாவுக்கு அது சரி, வார்ப்பிரும்புக்குப் பொருந்தாது.

எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 28 செ.மீ. வாய்விட்டமுள்ள வட்டச் சட்டி மூடியுடன் ஏறத்தாழ 6 கிலோ இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு குழம்பு நிறைந்தால் மேலும் 4 கிலோவுக்கு மேல் கூடும். ஆகப் பத்துக் கிலோவுக்கும் அதிகம்; அதுவும் கொதிக்கக் கொதிக்க! இதனை அடுப்பிலிருந்து இறக்கப்போவது யார்? மூட்டு வலியுள்ள மாமியாரா, பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்த மருமகளா? கடையில் தூக்கிப் பார்ப்பவர் பெரும்பாலும் பணம் கொடுக்கும் ஆண்மகனே. வீட்டில் தூக்குபவரோ வேறொருவர். எனவே சமைப்பவரையே உடன் அழைத்துச் சென்று, மூடியோடு இரு கைகளாலும் தூக்கிப் பார்க்கச் செய்யுங்கள். வெறும் சட்டியே அவருக்குக் கனத்தால், ஓர் அளவு குறைத்து வாங்குவதே முறை.

அடுப்பையும் பார்த்தல் வேண்டும். வார்ப்பிரும்பு சூட்டை நெடுநேரம் தாங்கி வைக்குமேயன்றி, அலுமினியத்தைப் போல் விரைந்து பரப்பாது. சிறிய பர்னரின்மேல் அகன்ற சட்டியை ஏற்றினால் நடுவே அடிப்பிடிக்கும், ஓரத்தில் வேகாது. நீள்வட்டச் சட்டி நம் அடுப்புக்கு ஏற்றதன்று என்பதும் இதனாலேயே. பெரிய சட்டியில் சிறிதளவு மசாலாவை வதக்கினாலும் அது விரைவில் வற்றிக் கருகும், எனாமலும் கறைபடும்.

சட்டியின் அடியில் வார்க்கப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் வாய்விட்டத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது, லிட்டரையன்று. மேற்சொன்ன நிறுவனத்தின் வட்டச் சட்டியில் 24 என்றால் 4.2 லிட்டர், 28 என்றாலோ 6.7 லிட்டர்! நான்கு செ.மீ. வேறுபாடுதானே என்று ஏமாந்துவிடலாகாது.

நான்கைந்து பேர் உண்ணும் இல்லத்திற்கு 24 செ.மீ. போதும். ஒரு கிலோ இறைச்சிக் குழம்பும், அரைக் கிலோ அரிசிப் பிரியாணியும் அதில் தாராளமாக அமையும். கனத்த மூடி இருப்பதால் தம் போடுவதற்கும் நன்று. இருவர் மட்டும் இருப்பின் 20 செ.மீ. போதுமானது.

ஐயம் இருப்பின் எளிய வழியொன்றுண்டு. அன்றாடம் குழம்பு வைக்கும் பாத்திரத்தில், குழம்பு நிற்கும் மட்டம் வரை லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். இரண்டரை லிட்டர் வந்தால் அதனோடு பாதியைக் கூட்டி, ஏறத்தாழ நான்கு லிட்டர்ச் சட்டியாகக் கேளுங்கள். பொங்குவதற்கும் கிளறுவதற்கும் அந்த இடைவெளி தேவை.

பெருநாளுக்கு இரண்டு கிலோ அரிசி ஆக்கவேண்டி வந்தால், பரண்மேல் இருக்கும் தேக்சாவை இறக்கிக்கொள்ளலாம்.