பத்தாவது பாடம்

ஒவ்வோர் ஆண்டும் நான்காம் படிவ வகுப்புகள் தொடங்கும்போது தமிழ்ப் பெற்றோரிடையே ஓர் அறிவுரை வலம் வருகின்றது. எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழை எடுக்கலாகாது. எடுத்தால் தேர்ச்சி நிலை தாழும். தாழ்ந்தால் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைக்காது. அவ்விடம் கிடைக்காவிடில் பல்கலைக்கழகத்தின் வாயில் அடைபடும் என்பதே அவ்வறிவுரை. அதனைச் சொல்வோர் தமிழுக்குப் பகைவர் அல்லர். பிள்ளையின் நலத்தை எண்ணியே சொல்கின்றனர். ஆயினும், நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதனாலேயே ஒரு பிழை மெய்யாகிவிடாது. இவ்வறிவுரையால் மொழிக்குக் கேடு என்பதை எல்லாரும் அறிவர். அதனால் மாணவனின் மேற்படிப்புக்கும் கேடு என்பதே ஈண்டு எடுத்துரைக்கத்தக்கது.

மலாக்கா நகருக்கு வடமேற்கே உள்ள புக்கிட் ரம்பாய் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் மரங்கள் நிரை நிரையாய் நின்ற பகுதிகளில் இன்று தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. பால்மரம் வெட்டியோரின் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் இரவு பகலென மாறி மாறி உழைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிகளில் பயில்கின்றனர். அங்கிருந்து சுங்கை ஊடாங்கைக் கடந்து சென்றால் மஸ்ஜித் தானா; அதனருகே லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி. மற்றொரு திசையில் டுரியான் துங்கலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா. கல்விக்கூடங்கள் கண்ணுக்கு எட்டிய தொலைவிலேயே உள்ளன. கைக்கு எட்டுகின்றனவா என்பதே கேள்வி.

பெற்றோர் மெட்ரிகுலேஷனை இத்துணை விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆறாம் படிவம் சென்று எஸ்.டி.பி.எம். எழுதுவோன் மூன்று தவணைகளில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு படிக்க வேண்டும். மெட்ரிகுலேஷன் பெரும்பாலோர்க்கு ஓராண்டிலேயே முடிவுறுகிறது. தங்கும் விடுதி உண்டு; உதவித்தொகை உண்டு. தனியார் கல்லூரியில் அடிப்படைக் கல்வி பயிலப் பல்லாயிரம் ரிங்கிட் தேவைப்படும்போது, தொழிற்சாலைச் சம்பளத்தில் வாழும் குடும்பம் வேறு எதை நாடும்? அந்த விருப்பத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

அவ்விடம் அரிதாயிருப்பதும் மெய்யே. கல்வியமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்வி தொடக்கத்தில் பூமிபுத்திர மாணவர்க்கென்றே நடத்தப்பட்டது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில்தான் பத்து விழுக்காட்டு இடங்கள் பிற இனத்தாருக்குத் திறந்துவிடப்பட்டன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்த அமைச்சரவை முடிவு செய்தபோதும், தொண்ணூற்றுக்குப் பத்து என்னும் பங்கீடு மாற்றப்படவில்லை. அந்தப் பத்தினுள் சீனர், இந்தியர், பிறர் அனைவரும் அடங்க வேண்டும். இப்பங்கீடு நேர்மையற்றது என்று தமிழர் குரல் எழுப்பினர். அது நியாயமான குரலே. இன்னும் ஓங்கி ஒலிக்க வேண்டிய குரலே.

ஆனால், பங்கீட்டைக் கண்டிப்பது ஒரு போராட்டம். அந்தப் பங்கீட்டைக் காரணம் காட்டித் தன் கைப்பொருளைத் தானே எறிவது வேறொரு செயல். கதவு குறுகலாயிருக்கிறது என்பவன் திறவுகோலைக் கிணற்றில் போடலாமா? தமிழைக் கைவிடச் சொல்வோர் செய்வது அதுவே.

2024ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெற்ற மாணவர் எவராயினும், இன வேறுபாடின்றி அவருக்கு மெட்ரிகுலேஷன் இடம் வழங்கப்படும் என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். பங்கீட்டின் இறுக்கம் இங்கே ஓரளவு தளர்ந்தது. அவ்வறிவிப்பில் உள்ள எண்ணைப் பெற்றோர் நின்று நோக்குதல் வேண்டும். ஒன்பது அன்று, பத்து.

அறிவியல் பிரிவில் பயிலும் தமிழ் மாணவன் எழுதும் பாடங்களை விரல்விட்டு எண்ணுக. மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறிக் கல்வி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். எண்ணிக்கை ஒன்பதோடு நின்றுவிடுகிறது. இவ்வொன்பதிலும் ஏ பெற்றாலும் அவன் அந்த வாக்குறுதியின் எல்லைக்குள் வரமாட்டான். பத்தாவது பாடம் எது? தமிழை நீக்கிவிட்டு மதிப்பெண்ணைக் காத்ததாய் மகிழும் பெற்றோர், பிள்ளையை ஒன்பதில் நிறுத்திப் பத்து கேட்கும் வாயிலுக்கு அனுப்புகின்றனர். இதைவிடத் தவறான கணக்கு வேறு உண்டோ?

தமிழ் இலக்கியத்தையும் சேர்த்துக்கொண்டால் பாடங்கள் பதினொன்றாகும். அப்போது ஏதேனும் ஒரு பாடத்தில் சறுக்கினாலும் பத்து ஏ கைக்கு வர வழியிருக்கும். இவ்வாய்ப்பும் தானாக வந்ததன்று. எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்தப்போவதாக 2009இல் அரசு அறிவித்தபோது, தமிழ் அமைப்புகளும் ஆசிரியரும் மாணவரும் எதிர்த்து நின்றதன் பயனாகவே மேலும் இரு பாடங்கள் எழுத இசைவு கிடைத்தது. போராடிப் பெற்ற அவ்விரு இருக்கைகளை வெறுமையாய் விட்டுவைப்பது, போராடியவர்களை இகழ்வதற்கு ஒப்பாகும்.

தமிழில் ஏ பெறுவது கடினம் என்று மறுமொழி வரும். கடினமில்லாப் பாடம் எது? கூடுதல் கணிதம் எளிதென்று எவரும் சொல்வதில்லை. ஆயினும் அதனைக் கைவிடுமாறும் எவரும் சொல்வதில்லை. அதற்குத் துணைவகுப்பு தேடி, மாதந்தோறும் பணம் கட்டி, மாலைதோறும் பிள்ளையை அழைத்துச் செல்கின்றனர். தமிழுக்கு மட்டும் கடினம் என்ற சொல்லே முற்றுப்புள்ளியாகிவிடுகின்றது. பத்தாவதாகக் கணக்கியலையோ பிறிதொரு பாடத்தையோ எடுக்கலாமே என்பாரும் உளர். எடுக்கலாம், தடையில்லை. ஆனால் அப்பாடத்தை மாணவன் நான்காம் படிவத்தில் முதலெழுத்திலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் பயின்றவனோ ஆறாண்டுத் தமிழறிவோடு இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறான். அவன் முன்னணியில் நிற்கும் ஒரே ஓட்டத்திலிருந்து அவனையே விலகச் சொல்வது எவ்வகை அறிவுடைமை?

எல்லா மாணவரும் பத்து ஏ பெறுவதில்லை என்பதும் கருதத்தக்கதே. பெறாதவர்க்கு வழி மூடிவிட்டதா? இல்லை. ஆறாம் படிவம் இருக்கிறது. மெட்ரிகுலேஷன் மாணவர் கல்லூரியில் தமிழ் பயில இயலாது, எஸ்.டி.பி.எம். தேர்விலோ தமிழ் ஒரு முழுப்பாடம். தாய்மொழியில் தேர்ந்த மாணவன் தன் நான்கு பாடங்களுள் ஒன்றாகத் தமிழை எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்தாம் படிவத்தோடு தமிழை விட்டவனுக்கு அவ்வழியும் எட்டாததாகிவிடும்.

மெட்ரிகுலேஷன் வாயிற்படியே, பல்கலைக்கழகம் அதற்கப்பால் உள்ளது. 2002இல் தகுதி அடிப்படைத் தேர்வுமுறை நடைமுறைக்கு வந்தது முதல், மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்னும் வேறுபட்ட இரு தேர்வுகளை எழுதியோரை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கின்றனர். அத்தராசில் தொண்ணூறு விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கு. எஞ்சிய பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. மருத்துவம் போன்ற துறைகளுக்கு 4.00 என்னும் முழுத்தேர்ச்சி பெற்றோரே பலர் விண்ணப்பிக்கும்போது, அப்பத்து விழுக்காடும் நேர்முகத் தேர்வில் சொல்லும் சொல்லுமே ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்துக் காட்டுகின்றன. இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழிக் கழகத்தில் பொறுப்பேற்றவன், பேச்சுப்போட்டியிலும் சொற்போரிலும் நின்றவன், அவையஞ்சாது கருத்தைக் கோவைப்படுத்தக் கற்றவன். தமிழை விட்டவன் அக்கழகத்தையும் விடுகிறான். விண்ணப்பப் படிவத்தில் அவ்விடம் வெற்றிடமாய்க் கிடக்கிறது.

குற்றம் பெற்றோரிடம் மட்டுமே உள்ளதா? அன்று. பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளிநேரத்துக்குப் புறம்பே நடைபெறுகின்றது. ஆசிரியர் இல்லாத பள்ளிகளும் உள. களைத்த மாணவன் வெயிலில் காத்திருந்து படிக்க வேண்டிய நிலையில், தமிழ் சுமை என்ற எண்ணம் அவன் மனத்தில் வேரூன்றுவதில் வியப்பில்லை. ஆயினும், பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்க வழிசெய்தல் வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விதி. பதினைந்து பெற்றோரின் கையொப்பம்! திருமணத்துக்கு ஆயிரம் பேரைத் திரட்டும் சமுதாயம், கோயில் திருவிழாவுக்கு ஊரையே கூட்டும் சமுதாயம், ஒரு வகுப்பைப் பெறப் பதினைந்து பேரைச் சேர்க்க இயலாது என்றால் அதனை ஏழ்மை என்பதா, அக்கறையின்மை என்பதா? சட்டம் கொடுத்ததைக் கேட்டுப் பெறாதவர், சட்டம் மறுத்ததற்காக மேடையில் முழங்கும்போது அம்முழக்கத்துக்கு வலிமை ஏது?

தமிழாசிரியருள்ளும் சிலர் இப்பிழைக்குத் துணைபோகின்றனர். நன்றாகப் படிக்கும் மாணவனை அறிவியல் ஆசிரியர் அழைத்துத் தமிழை விடச் சொல்லும்போது, தமிழாசிரியர் வாய்மூடி நிற்கிறார். சில வேளைகளில் தம் பாடத்தின் தேர்ச்சி விழுக்காடு காக்கப்படும் என்று கருதி, நடுத்தர மாணவனைத் தாமே விலக்கிவிடுகிறார். தேர்ச்சி விழுக்காடு அட்டவணையில் அழகாய்த் தோன்றும், வகுப்பறையோ காலியாகும். காலியான வகுப்பறையில் நூறு விழுக்காடு தேர்ச்சி யாருக்குப் பெருமை?

இதன் விளைவு எஸ்.பி.எம். தேர்வோடு முடிவதில்லை. நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுக்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் கல்விக் கழகங்களில் தமிழ்க் கல்வி பயிலவும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழாசிரியர் பட்டம் பெறவும், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழாய்வு செய்யவும் தமிழறிந்த மாணவர் வேண்டும். கூர்மதி படைத்தோர் அனைவரும் பதினாறு வயதிலேயே தமிழை விட்டுவிட்டால், நாளை தமிழ்ப்பள்ளியில் கரும்பலகையின் முன் நிற்பவர் யார்? மருத்துவராகவும் பொறியியலாளராகவும் போகின்றவன் தமிழில் ஒரு கட்டுரை படிக்கவும் இயலாதவனாய் இருந்தால், அவன் தன் மக்களைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவானா?

ஆகவே தமிழாசிரியப் பெருமக்கள் நான்காம் படிவத்தின் முதல் வாரத்திலேயே பெற்றோரை அழைத்து, ஒன்பது பாடங்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுக. பத்தாவது வரியை வெறுமையாய் விட்டு, அங்கு எழுத வேண்டியது யாதென்று அவர்களையே கேட்க. மாணவரும் தாமே எண்ணிப் பார்க்க. மொழிப்பற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை, கணக்கே போதும். பங்கீட்டை நேராக்கும் போராட்டம் நெடியது, அது தொடரட்டும். பத்தாவது வரியை நிரப்பும் உரிமையோ இன்றைக்கே தமிழ் மாணவனின் கையில் உள்ளது. அதனை அவன் கையிலிருந்து பறிப்பவர் அரசினர் அல்லர் என்பதைத் தமிழர் இனியேனும் உணர்தல் வேண்டும்.