உழைத்த நேரத்தின் கணக்கு

மாலையில் மேசையை விட்டு எழும்போது, "இன்று முழுவதும் உழைத்தேன்" என்று கூறாதார் நம்முள் சிலரே. அதில் உழைப்பு எவ்வளவு, தேநீரும் அரட்டையும் எவ்வளவு என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று.

வீட்டிலிருந்தே கணினியில் மொழிபெயர்த்து, மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவன் நான். நெடுநாள் நினைவை நம்பியே கணக்கு எழுதி வந்தேன். அண்மையில் ‘வாட்சன்’ என்னும் சிறு நிரலைக் கைக்கொண்டேன். இதற்குப் படங்களும் பொத்தான்களும் இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வெறுந்திரையே போதும். ‘வாட்சன் ஸ்டார்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிப் பணியின் பெயரையும் சேர்த்தால், அந்நொடி முதல் நேரம் பதிவாகும். ‘வாட்சன் ஸ்டாப்’ என்றால் நின்றுவிடும். ‘வாட்சன் ரிப்போர்ட்’ என்று கேட்டால், கடந்த 7 நாள்களில் ஒவ்வொரு பணிக்கும் செலவான நேரத்தைக் கூட்டிக் காட்டும். இதற்குக் கட்டணம் இல்லை. கணக்கும் நம் கணினியிலேயே தங்கும்.

முதல் வார முடிவில் திகைத்துப்போனேன். 40 மணி என நான் எண்ணியிருந்த உழைப்பு 27 மணியே! கணக்கைக் கண்ட என் மனைவி, "பிள்ளைகள் கூப்பிட்ட போதெல்லாம் வேலை என்றீர்களே, மீதி 13 மணி எங்கே போயிற்று?" என்றாள். விடை கூற நாவெழவில்லை. வேலை கொடுத்தவருக்கும் அந்நேரம் கிட்டவில்லை, பிள்ளைகளுக்கும் கிட்டவில்லை. அதற்கும் கூலி பெற்று வந்தேனே என்னும் எண்ணம் உறுத்திற்று. வேலை கொடுத்தவரிடம் உண்மையைக் கூறி, அடுத்த பணியைக் கூலியின்றி முடித்துக் கொடுத்தேன்.

பின்னொரு நாள், நிறுத்த மறந்து உணவருந்தச் சென்றேன். உறவினர் வரவே பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது 2 மணி நேரம் உழைப்பாக ஏறியிருந்தது. நாற்காலி வெறுமையாய்க் கிடப்பதை நிரல் அறியாது; நாம் சொன்னதையே அது எழுதும். ‘வாட்சன் எடிட்’ என்னும் கட்டளையால் பதிவைக் குறைக்கலாம், கூட்டவும் செய்யலாம். கேட்பார் எவருமில்லை. குறைத்தேன்.

அன்பர்களே, கணினி இல்லையெனினும் கவலையில்லை. ஒரு குறிப்பேட்டில் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எவருக்கு உரிய நேரம் எங்கே செல்கிறது என்பது அப்போது விளங்கும். இப்போது நான் ‘ஸ்டாப்’ என்று தட்டும் ஓசைக்காக என் இளைய மகள் வாயிலில் காத்திருக்கிறாள்.